குட்டி யானைக்குப் பாறை நிறம் பூசிய கதை

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊருக்கு ஒன்றாக யானைச் சிலை நிறுத்தப் போகிறார்கள், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஓவியர் அலங்கரிக்க வேண்டும், மக்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பார்கள் என்று ஒரு தன்னார்வக் குழுவிடமிருந்து தகவல் வந்தது. நான் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அதற்கு முன்னால் பல வருடம் போர்டு எழுதியவன். சிலைக்கு வண்ணம் பூசுவது எனக்குப் புதிது. இனிமேல் யாராவது இப்படி ஒரு வேலையை எடுத்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்தது. 1998இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தெருக்களில் பைபர் மாடுகளை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் சிகாகோ அதைப் பிடித்துக்கொண்டது. 2007இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் யானைகள் வந்தன. எல்லாருக்கும் அச்சில் வார்த்த சிலை, மேலே பூசுவது அவரவர் கைவண்ணம். நம் நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்துச் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன. என்னைக் கேட்டால் அந்த யானைகளுக்குப் பக்கத்தில் பைபர் யானை நிற்கவே முடியாது. ஆனால் எனக்குக் கிடைத்தது பைபர்தான்.

விண்ணப்பம் எளிது. யானையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கோட்டுப்படமாக அச்சிட்ட தாள் தருவார்கள், அதில் நம் வடிவத்தை வரைந்து, என்ன நினைத்து வரைந்தோம் என்று நாலு வரி எழுதித் தர வேண்டும். விதிமுறைகளில் ஒன்று நம் ஊருக்கே உரியது: எந்தக் கட்சிக் கொடியின் நிறச் சேர்க்கையும் தெரியக் கூடாது. கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி, அதிலிருந்து தப்பிக்க மஞ்சள் பக்கம் போனால் இன்னொரு கேள்வி. தமிழ்நாட்டில் இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பூசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடியாது என்பது போர்டு எழுதிய எவருக்கும் தெரியும்.

எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை. என் யானையில் இருந்தவை பாறையின் நிறமும் வெள்ளையும்தான். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் ஆட்கள், கையில் ஆயுதம், எல்லாம் வெள்ளைக் கோடு. யானையின் தோலே பாறை மாதிரிதானே இருக்கிறது, அதன் மேலேயே அந்தப் பாணியில் வரைந்தால் என்ன என்று தோன்றியது. வரைய வேண்டிய விஷயமும் கையிலேயே இருந்தது. ராகி கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று இறங்கி வரும். அங்கே ராத்திரியில் வீட்டுக்குள் தூங்குகிறவர்கள் குறைவு. பரண், தீப்பந்தம், தகரம், டார்ச் லைட். அந்த மக்களைத்தான் யானையின் உடம்பைச் சுற்றி நிற்க வைத்தேன். படத்தில் யானையே கிடையாது. சிலைதான் யானை.

தேர்வுக் குழுவில் ஒருவர் “கலர் கம்மியா இருக்கே சார்” என்றார். மற்ற யானைகள் எல்லாம் பூவும் மயிலுமாக இருக்கும்போது இது மட்டும் தனியாகத் தெரியும் என்றேன். வெயிலையும் சொன்னேன். பளிச்சென்ற ரோஸ், வயலெட், எலுமிச்சை மஞ்சள் வகைகளில் பல வெயிலில் சீக்கிரம் வெளிறும். இரும்பு ஆக்சைடுக் காவி, கறுப்பு, டைட்டானியம் வெள்ளை ஆகியவை அப்படியே நிற்கும். இந்தக் காரணம்தான் எடுபட்டது என்று நினைக்கிறேன்.

குட்டி யானை, குட்டி யானை வண்டியிலேயே வந்து இறங்கியது. இறக்கியதும் முதுகில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசிய மெழுகைத் துடைக்காமலேயே பட்டறையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. ஒட்டினாலும் ஒரு மழைக்குப் பிறகு தோலாக உரிந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதே மெழுகை வேறு இடத்தில் தடவிக்கொண்டிருப்போம். அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள், அதன் பின் 400, இரண்டையும் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மெழுகு போவதற்கு முன்னால் தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதுகு நெடுக அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்து, ஊசித்துளைகளைக் கார் பட்டியால் அடைத்தேன். காது மடிப்பு, வாலுக்கு அடி, நகங்களுக்கு நடுவே என்று விரல் நுழையாத இடங்கள்தான் அதிக நேரத்தைத் தின்றன. முதலில் உரியப் போவதும் அங்கேதான் என்பதால் விட முடியாது. ஹார்டனர் என்ற கெட்டிப்படுத்தும் திரவம் கலக்கும் எபாக்சி ப்ரைமரை அடிப்பூச்சாக அடித்த பிறகுதான் மனசு சமாதானமானது.

தாளில் வரைந்தது சிலைக்கு அப்படியே வராது. விலாவில் நேராக நின்ற ஆள் வயிற்று வளைவில் இறங்கியதும் நீண்டு விடுகிறான். அதனால் கட்டம் போடுவதை விட்டுவிட்டு, சாக்பீஸால் நேராக உடம்பின் மேலேயே வரைந்து, நின்று பார்த்து, குந்திப் பார்த்து, சுற்றி வந்து திருத்தினேன். சின்னப் பிள்ளைகள் வயிற்றுக்கு அடியில் நுழைவார்கள், அங்கே ஒன்றும் இல்லாமல் இருக்கக் கூடாது என்று ராகிக் கதிர்களை அடிவயிற்றில் வைத்தேன். அடி நிறத்துக்கு வெளிச்சுவருக்குப் பூசும் எமல்ஷன். எங்கள் ஊர்ப் பாறையில் மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் இருக்கும், வெறும் சாம்பல் பூசினால் அது பாறையாகாது. ஸ்பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கொண்டுவந்தேன்.

சிலை நிற்கப் போகிற தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலேயே ஒரு கொட்டகையில் வைத்து வரைந்ததால் வேடிக்கை பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “எங்க ராகியத் தின்னுட்டுப் போறதுக்கு சிலை வேறயா வாத்தியாரே?” என்றார். நான் பதில் சொல்லவில்லை, பரண் இருக்கிற பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குனிந்து ஒவ்வோர் ஆளாகப் பார்த்தார். “பரண் இத்தனை தாழ்வா இருந்தா தும்பிக்கை எட்டிடும்” என்று மட்டும் சொன்னார். பரணின் கால்களை நீட்டி உயர்த்தினேன்.

இன்னொரு நாள் ராகிக் காட்டுக்காரம்மா ஒருவர் வந்தார். “நாயக் காணோமே சார்?” என்றார். “எந்த நாய்ங்கம்மா?” “காவல் நாய்தான். அதுதான மொதல்ல கொரைக்கும், அப்புறம்தான நாங்க முழிப்போம்.” பின்னங்கால் பக்கம் இடம் இருந்தது. வாலை மடக்கிக்கொண்டு குரைக்கிற நாய் ஒன்று அங்கே வந்தது. சிலையில் எல்லாரும் முதலில் தொட்டுக் காட்டுவது இப்போது அந்த நாயைத்தான்.

கடைசியாக கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு. எமல்ஷன் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் அடியில் இருப்பதைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும். கார் டிங்கரிங் பட்டறையில் கிடைக்கும் பியூ (பாலியூரித்தேன்) கிளியர் போதும், ஆனால் பளபளப்பில்லாத மேட் வகையைக் கேட்டு வாங்கினேன். பளபளத்தால் பாறை நனைந்த மாதிரி தெரியும், வெயிலில் வெள்ளைக் கோடும் கண்ணுக்குப் படாது. அதன் ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள், கரி வடிகட்டி உள்ள மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு திறந்தவெளியில் அடியுங்கள்.

சன்மானம் தருவார்கள். அதிலேயே ப்ரைமர், கிளியர், தின்னர் எல்லாம் அடக்கமா, தனியா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடக்கம் என்றால் கையில் நிற்பது கொஞ்சம்தான். சிலையைக் கான்கிரீட் மேடையில் கம்பி வைத்துப் பூட்டியது குழுவின் பொறுப்பு, அதை நன்றாகவே செய்தார்கள். பிள்ளைகள் ஏறி உட்காரத்தான் செய்கிறார்கள். தும்பிக்கையைப் பிடித்து ஏறுவதால் அதன் நுனியில்தான் பூச்சு தேய்கிறது. மீந்த பாறை நிறத்தையும் வெள்ளையையும் டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி, பக்கத்துப் பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். தும்பிக்கை அவர் பொறுப்பு.