கேபிளைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது

கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஒரு ஸ்விட்ச்சின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று செத்துப்போய் எத்தனை நாள் ஆகியிருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வேறு வேலையாக ஸ்விட்ச்சுகளை மாட்டியிருக்கும் ராக் பக்கம் போனவர் ஆரஞ்சு விளக்கு எரிவதைப் பார்த்து வந்து சொன்னார். ஸ்விட்ச்சின் நிகழ்வுப் பதிவான லாக்கைத் திறந்தால், அதற்கான நினைவிடம் (பஃபர்) நிரம்பி, பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போயிருந்தது. தன் நிலையைத் தானே சொல்லக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச்சை வாங்கி மாட்டிவிட்டு இத்தனை நாளும் ஊமையாகவே வைத்திருந்திருக்கிறோம். அலர்ட் அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் நெறிமுறை எஸ்என்எம்பி; ஏதாவது நடந்தால் கருவி தானாக அனுப்பும் செய்தி டிராப். ஸ்விட்ச்சில் அந்த எஸ்என்எம்பி டிராப்பை இயக்கி, சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்து, கடவுச்சொல் மாதிரியான கம்யூனிட்டி பெயரைப் போட்டேன். லினக்ஸ் சர்வரில் நெட்-எஸ்என்எம்பி மென்பொருளின் டிராப் வாங்கியை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. வந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தால் யுடிபி 162-ஆம் போர்ட்டில் பாக்கெட் வந்து இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வாசல்வரை வந்த விருந்தாளிக்குக் கதவு திறக்கவில்லை. எந்தக் கம்யூனிட்டியிடமிருந்து வாங்கலாம் என்று கான்ஃபிக் கோப்பில் அனுமதி எழுதாவிட்டால், வந்ததை அது சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ஒரே ஒரு வரிதான். அதற்கு ஒரு மதியம் போனது.

பிறகு எஸ்என்எம்பியின் வெர்ஷன் 3-க்கு மாற்றினேன். அதற்கு முந்தைய வெர்ஷன் 2சி-யில் கம்யூனிட்டி பெயர் அப்பட்டமாக வயரில் போகிறது, அதனால் மாற்றித்தான் ஆகவேண்டும். இங்கே இன்னொரு முடிச்சு. டிராப்பைப் பொறுத்தவரை அனுப்புகிற ஸ்விட்ச்சின் எஞ்சின் ஐடிதான் (எஸ்என்எம்பியில் அதற்கான தனி அடையாளம்) கணக்கு. ஒவ்வொரு ஸ்விட்ச்சின் ஐடியையும் எடுத்து, அந்த ஐடியோடு சேர்த்துப் பயனரைச் சர்வரில் பதிய வேண்டும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏன் வரவில்லை என்று முழிப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

சரி, வந்தது. வந்ததும் கொட்டியது. மாலையில் எல்லோரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்ப, ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு 'லிங்க் டவுன்' மெயில். மறுநாள் காலையில் அத்தனைக்கும் 'லிங்க் அப்'. இரண்டே நாளில் அந்த மெயில்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ள எல்லோரும் ரூல் போட்டுவிட்டார்கள். மேசைகளுக்குப் போகும் போர்ட்டுகளில் லிங்க் டிராப்பை நிறுத்தினேன். அப்லிங்க் (மேலே உள்ள ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பு), சர்வர் போர்ட், பவர் சப்ளை, ஃபேன், வெப்பநிலை இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். லாக் செய்திகளை வெளியே அனுப்பும் சிஸ்லாக்கை எல்லா ஸ்விட்ச்சிலிருந்தும் சர்வருக்குத் திருப்பி, 0 முதல் 4 வரையிலான தீவிர அளவில் (எண் குறையக் குறைய அவசரம் அதிகம்) வருவதை மட்டும் மெயிலாக்கினேன். மற்றவை கோப்பில் கிடக்கட்டும், தேவைப்பட்டால் தேடலாம். அப்புறம் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றாக வைக்கும் என்டிபி. நேரம் சரியில்லாத ஸ்விட்ச்சின் லாக்கை இன்னொன்றோடு ஒப்பிட்டால் மண்டைதான் காயும்.

கடைசியாக ஒரு சோதனை. முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு ஸ்விட்ச்சின் அப்லிங்க் கேபிளைப் பிடுங்கினேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மெயில் இல்லை. திரும்பச் செருகினேன், 'லிங்க் அப்' மட்டும் வந்தது. அதற்கப்புறம்தான் உறைத்தது: 'வழி அறுந்துவிட்டது' என்று சொல்லவேண்டிய பாக்கெட்டும் அதே வழியாகத்தானே வரவேண்டும்! டிராப்புக்கு ஒப்புகை கிடையாது, போனால் போனதுதான். அதற்குப் பதிலாக ஒப்புகை கேட்கும் இன்ஃபார்ம் என்றால் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஆனால் அதுவும் சில முறைதான்.

அதனால் மற்ற ஸ்விட்ச்சுகள் வந்து சேரும், மேலே உள்ள கோர் ஸ்விட்ச்சின் பக்கம் போனேன். கீழே உள்ள ஸ்விட்ச்சுகளுக்குப் போகும் அதன் டவுன்லிங்க் போர்ட்டுகளில் டிராப்பை இயக்கினேன். கீழே இருப்பது வாயடைத்துப் போனாலும் மேலே இருப்பது சொல்லும். கூடவே சர்வரே 161-ஆம் போர்ட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் நலம் விசாரிக்கும்படி வைத்தேன். இரண்டு முறை தொடர்ந்து பதில் இல்லையென்றால் மெயில்.

இந்த விசாரிப்பு சீக்கிரமே உதவியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு, ஒரு ஸ்விட்ச் மட்டும் பதில் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் அதில் மாட்டியிருந்த எல்லாருக்கும் நெட்வொர்க் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. கான்ஃபிக்கைப் பார்த்தேன்: எஸ்என்எம்பி வரி ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த நான், அந்த ஒன்றில் மட்டும் சேவ் கொடுக்கவில்லை.