"ஹோல்ட் போட்டிருக்கா, சேர்?"

என் மாணவன் கேட்டான். கேட்காமல் தொட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

"ஹோல்ட் போட்டிருக்கா, சேர்?"

"ஓம் ஓம், கொழுவு."

ஹோல்ட் என்பது மோட்டரைச் சுழலவிடாமல் பிடித்துவைக்கும் ரிமோட் சுவிட்ச். ரிமோட்டில் பறக்கும் எங்கள் மாதிரி ஹெலிகொப்டரின் மூக்குக் கூட்டில் ரப்பர் வளையம் ஒன்று கழன்றிருந்தது. அதைக் கொழுவத்தான் சொன்னேன். பற்றரி கொடுத்தாயிற்று, ரிமோட் என் கழுத்தில். கச்சான் காற்று வலுக்க முன் ஒருதரம் எழுப்பிவிட வேண்டும் என்ற அந்தரம். கண்காட்சிக்கு வந்த சின்னப் பிள்ளைகள் கயிற்றைத் தாண்டி வர, அவர்களைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். சுவிட்சைப் பார்க்கவில்லை. விலகச் சொல்லிக் கையை வீசியபோது சட்டைக் கை வேகம் கூட்டும் திரொட்டிலைத் தட்டியிருக்க வேண்டும்.

முந்தின கிழமைதான் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 450 வகை ஹெலி, பிளேட் 325 மில்லிமீற்றர், நிமிடத்துக்கு 2500 சுற்று. நுனியின் வேகம் என்ன? மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். முதலில் விடை சொன்னவனும் அவன்தான்.

மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யில் மெதுவாகத் தொடங்கும் அமைப்பு இருந்ததால் விரல்கள் தப்பின. மோட்டர் வேகம் பிடிக்கச் சில செக்கன் எடுக்கும். அதற்குள் கையை இழுத்துவிட்டான். புறங்கையில் மூன்று தையல்.

மேசையில் வேலை செய்யும்போது மோட்டர் வயரைக் கழற்று என்று ஓயாமல் சொல்பவன் நான். மைதானத்தில் அதை யாரும் செய்வதில்லை, சரி. ஆனால் பற்றரியைக் கழற்றியிருக்கலாம். பத்து செக்கன் வேலை.

அதிபர் விசாரித்தபோது நான் வாய் திறக்க முன் அவன் சொன்னான்: "நான்தான் சேரிட்டக் கேக்காமத் தொட்டிட்டன்."

நான் திருத்தவில்லை.

காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பறக்கிற எதற்கும் ஆயிரம் கேள்வி. அதுவும் வன்னியில். யுத்த காலத்தில் வேவு விமானத்தை 'வண்டு' என்று சொன்ன சனம் இது. முதல் நாள் ஹெலி எழும்பியபோது காவலாளி ஐயா "உது வண்டு மாதிரியெல்லோ இரையுது" என்று மதிலோடு ஒதுங்கி நின்றார். ஆசிரியரின் பிழை என்று வந்திருந்தால் ஹெலியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பதினொரு பிள்ளைகளின் ஆசை அதோடு போயிருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த அறையில் நின்றபோது இதை யோசித்தேனா, வீட்டுக்கு வந்த பிறகு சேர்த்துக்கொண்டேனா?

அவனிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று இன்னும் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏன் சும்மா நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டி வரும்.

இப்போது எங்கள் விதி வேறு. ஹோல்ட் போட்டிருக்கிறதா என்று கேட்டால் போதாது, கிட்ட வந்து பார்க்க வேண்டும். நான் கொண்டுவந்த விதிதான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி இறங்கினோம். அதே கேள்வியைக் கேட்டான். சுவிட்சைப் பார்த்துவிட்டே "போட்டிருக்கு" என்றேன். அவன் எழும்பி வந்து, ரிமோட்டை எட்டிப் பார்த்து, பிறகுதான் ஹெலியில் கை வைத்தான். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.