15 மார்க் கேள்வியும் சிவப்பு மையில் ஒரு ‘இப்போது?’வும்

எம்.ஏ. அரசியல் அறிவியலில் அமெரிக்க அரசியல் பேப்பர் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். “அமெரிக்கப் பழமைவாதிகள் சட்டமியற்றுவதில் நிலைத்த வெற்றி கண்டிருக்கிறார்களா?” என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். எனக்கு இன்டர்னலில் வந்தது. 15-க்கு ஐந்தரை வாங்கினேன்.

படிக்காமல் போனதால் வந்த ஐந்தரை இல்லை அது. ரேகன், 1994 தேர்தலில் குடியரசுக் கட்சியின் கிங்ரிச் பிடித்த பிரதிநிதிகள் சபை, இரண்டு புஷ்கள் என்று வரிசையாக எழுதி, ஐந்து சட்டங்களைப் பட்டியல் போட்டு, “ஆகவே ஆம்” என்று முடித்திருந்தேன். அந்த ஐந்தில் இரண்டு உயிரோடேயே இல்லை. திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான் என்று 1996-இல் போட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் முக்கியப் பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மிச்சத்தை 2022-இல் காங்கிரஸே, அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றமே, ரத்து செய்தது. செலவு மசோதாவில் தனக்குப் பிடிக்காத ஒதுக்கீட்டை மட்டும் அதிபர் அடித்துவிடலாம் என்ற அதிகாரமும் 1996-இல்தான் வந்தது. 1998-இல் நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. திருத்தியவர் இரண்டு இடத்திலும் ஓரத்தில் சிவப்பு மையில் ‘இப்போது?’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

அன்று கோபம்தான் வந்தது. அப்புறம் ஒரு நோட்டில் நான்கு கட்டம் கிழித்தேன்: ஆண்டு, சட்டம், கையெழுத்திட்டவர், இப்போது? முதல் மூன்றும் எந்த கைடிலும் கிடைக்கும். நான்காவதை நிரப்பத்தான் நிஜமாகப் படிக்க வேண்டியிருந்தது.

நான்காவது கட்டம் கனமாக நிரம்பிய முதல் சட்டம் 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய சட்டம். அதிபர் ட்ரூமன் வீட்டோ செய்தார். சபை 331-83, செனட் 68-25 என்று வீட்டோவைத் தாண்டி நிறைவேற்றின. அடுத்த ஆண்டு ட்ரூமன் அதை ரத்து செய்வேன் என்று சொல்லித் தேர்தலில் ஜெயித்தார், சட்டம் அசையவில்லை. அதன் 14(பி) பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள். வேலையில் இருக்கவேண்டுமானால் சங்கத்துக்குச் சந்தா கட்டியே ஆகவேண்டும் என்ற ஒப்பந்தங்களை மாநிலங்கள் தடை செய்துகொள்ளலாம் என்கிறது அது. 1965-இல் லிண்டன் ஜான்சனின் ஜனநாயகக் கட்சி இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்தது. 14(பி)-ஐ நீக்கும் மசோதா சபையில் நிறைவேறியும்விட்டது. செனட்டில் குடியரசுக் கட்சியின் எவரெட் டர்க்சன் தலைமையில் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள். இன்றைக்கு 26 மாநிலங்களில் அந்தத் தடைச் சட்டம் இருக்கிறது. கார்த் தொழிற்சங்கங்களின் கோட்டையான மிச்சிகனே 2012-இல் போட்டது, 2023-இல்தான் திரும்பப் பெற்றது.

ஆக, நிலைக்கிற சட்டம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும். நீக்க நினைப்பவன் அந்தப் பேச்சை நிறுத்தவே 100 பேர் கொண்ட செனட்டில் 60 ஓட்டுத் திரட்டவேண்டும், காப்பவன் சும்மா இருந்தால் போதும். அதோடு மாநிலங்களிலும் வேர் விட்டுவிட்டால் பிடுங்குவது இன்னும் கஷ்டம்.

1996-இன் நலத்திட்டச் சீர்திருத்தத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். கிளிண்டன் முதல் இரண்டு வடிவங்களை வீட்டோ செய்துவிட்டு மூன்றாவதில் கையெழுத்திட்டார். 1935 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த உதவி, தகுதி இருந்தால் கிடைத்தே தீரும் என்ற நிலை போய், மாநிலங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 கோடி டாலர் என்ற மொத்த மானியமாக மாறியது. வாழ்நாளில் ஐந்து ஆண்டு என்ற வரம்பும் வந்தது. பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தொகை அன்றிலிருந்து ஏறக்குறைய அப்படியேதான் நிற்கிறது. யாரும் ஓட்டுப்போட்டுக் குறைக்கவில்லை. விலைவாசி ஏறியே குறைத்துவிட்டது.

வரிக் கதைக்கு வந்தால், ரேகன் வருமான வரியின் உச்ச விகிதத்தை 70 சதவீதத்திலிருந்து 50, அப்புறம் 28 என்று இறக்கியதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். 1993-க்குள் அது 39.6 ஆகிவிட்டது. அதே 1981 சட்டத்தில் விலைவாசி ஏற ஏற வரி அடுக்குகளின் வரம்பும் ஏறும்படி பணவீக்கத்தோடு கோத்துவிட்டார்களே, அதுதான் இன்னும் நிற்கிறது. இதை எழுதினால் திருத்துபவர் ஒரு நிமிஷம் நிற்பார்.

இளைய புஷ்ஷின் 2001 வரிக்குறைப்பு வேறு மாதிரி. 60 ஓட்டு இல்லாமல் 51-ஐ வைத்தே நிறைவேற்றும் பட்ஜெட் வழியில் போனார்கள். அந்த வழியில் போனால் பட்ஜெட் கணக்கிடும் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது என்கிறது செனட்டின் பேர்ட் விதி. அதனால் 2010 கடைசியில் காலாவதி என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் நீட்டித்து, 2013 ஜனவரியில் ஒபாமா கையெழுத்தோடு பெரும்பகுதி நிரந்தரமாகி, உச்ச விகிதம் மட்டும் பழைய இடத்துக்குப் போனது.

அதன் பக்கத்தில் ஹைட் திருத்தத்தை வையுங்கள். கருக்கலைப்புக்கு, ஏழைகளுக்கான கூட்டாட்சி மருத்துவ உதவிப் பணம் போகக்கூடாது என்று 1976-இல் செலவு மசோதாவில் சொருகிய ஒரு பத்தி. சட்டப்படி அதன் ஆயுள் ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் புதுப்பித்தே அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டது. 2021-இல் பைடன் தன் பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டார். இறுதியில் வந்த சட்டத்தில் அது திரும்ப உட்கார்ந்திருந்தது. ‘நிரந்தரம்’ என்று சட்டத்தில் எழுதியிருப்பதும் நிலைப்பதும் ஒன்றில்லை என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும்.

தோல்விக்கு ஒரே உதாரணம் போதும், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமா கேரை நீக்கும் முயற்சி. 2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டி செனட்டில் குடியரசுக் கட்சியின் மெக்கெய்னே கட்டைவிரலைக் கீழே காட்ட, நீக்கும் மசோதா 49-51 என்று விழுந்தது. அந்தக் காட்சியை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா என்று குடியரசுக் கட்சியின் கோட்டைகளிலேயே மக்கள் நேரடி வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தின் மருத்துவ உதவி விரிவாக்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். கைக்கு வந்துவிட்டதைப் பிடுங்குவது வரியைக் குறைப்பது போல் இல்லை. புஷ்ஷே 2003-இல் முதியோருக்கு மருந்துச் செலவுத் திட்டம் ஒன்றைச் சேர்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு எச்சரிக்கை. கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த 2022 தீர்ப்பை இந்த விடையில் வெற்றியாகச் சேர்க்காதீர்கள். அது நீதிமன்ற வெற்றி. கேள்வி சட்டமியற்றுதலைப் பற்றியது. நான் செமஸ்டரில் அதை ஒரே வரியில், காங்கிரஸில் முடியாததை நீதிபதிகள் நியமனம் மூலம் சாதித்தார்கள் என்று வித்தியாசம் காட்டத்தான் பயன்படுத்தினேன். மூன்று சட்டம் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் இன்றுவரை இழுத்துக்கொண்டு வந்தேன். 15-க்கு 12.

இப்போது எழுதுபவர்களுக்கு இன்னொரு வரி கூடியிருக்கிறது. 2025 ஜூலை 4-இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம். செனட்டில் 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப்போட்டு நிறைவேறியது. 2017-இன் தனிநபர் வரிக்குறைப்புகளை நிரந்தரமாக்கியது. டிப்ஸ் வருமானத்துக்கான விலக்கு 2028 வரைக்கும்தான். மருத்துவ உதவி பெற வேலை நிபந்தனையும் அதில் இருக்கிறது. வரியையும் பிடுங்கலையும் ஒரே சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள். என் நோட்டில் அதற்கு மூன்று கட்டம் நிரப்பியாகிவிட்டது, நான்காவதைப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.