சாக்லேட் உருண்டைக்குள் எவ்வளவு கேழ்வரகு?

உணவுத் தொழில்நுட்பம் படித்து முடித்த பிறகு, குழந்தைகளுக்கான காலை உணவு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பாலில் போட்டுச் சாப்பிடும் சாக்லேட் உருண்டை, வளையம் எல்லாம் அங்கே தயாராகும். இப்போது சிறுதானிய மாவு தயாரிக்கும் மகளிர் குழுக்களுக்கு லேபிள், ஆய்வகப் பரிசோதனை போன்ற வேலைகளில் உதவுகிறேன். என் வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அந்த மல்டிகிரெய்ன் டப்பாவைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" கேழ்வரகு, ஓட்ஸ் என்று பல தானியம் கலந்ததாகச் சொல்லி விற்கும் உருண்டைகளைத்தான் கேட்கிறார்கள்.

நேர்மையாகப் பதில் சொல்ல, அந்த உருண்டை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கோதுமை மாவு, அரிசி மாவு, சோள மாவு, கொஞ்சம் சர்க்கரை, உப்பு எல்லாம் கலந்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து எக்ஸ்ட்ரூடர் என்ற மிஷினுக்குள் போகும். உள்ளே திருகு போன்ற இரும்புத் தண்டுகள் சுழன்று, மாவை நெருக்கித் தள்ளும். சூடு 120 டிகிரிக்கு மேல் போகும். ஒரு நிமிடத்துக்குள் மாவு வெந்து, முனையில் உள்ள சிறு துளை வழியாக வெளியே வரும். அழுத்தம் சட்டென்று விலகுவதால் மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பாயும். மாவு பொங்கி உப்பும். அந்த நொடியில் வெட்டினால் உருண்டை. அப்புறம் டிரையர், அதற்கடுத்து சுழலும் டிரம்மில் கோகோ கலந்த சர்க்கரைப் பாகு. வைட்டமின்களில் சில சூட்டைத் தாங்காது என்பதால் அவற்றைப் பாகோடு சேர்த்துக் கடைசியில்தான் தெளிப்போம். மறுபடியும் உலர்த்தி, பையில் அடைத்தால் வேலை முடிந்தது.

இதில் தானியம் எங்கே நிற்கிறது? ஒரு முறை கேழ்வரகு அளவைக் கூட்டிச் சோதனை பேட்ச் ஓட்டினோம். லைனைப் பார்த்துக்கொண்ட மூத்த சூப்பர்வைசர் மாதிரியைக் கையில் எடுத்ததுமே சொன்னார்: "மேடம், தவிடு கூடினா உருண்டை பொங்காது. பாருங்க, கல்லு மாதிரி வருது."

"கொஞ்சம் ஈரம் மாத்திப் பாக்கலாமாண்ணே?"

"பாக்கலாம் மேடம். ஆனா ஓரளவுக்கு மேல அது வராது."

அவர் சொன்னது அனுபவ அறிவு; காரணமும் அதற்குப் பொருந்தியே இருக்கிறது. உருண்டை உப்புவது மாவுச்சத்தின் மெல்லிய குமிழ்ச் சுவர்களால். தவிட்டுத் துணுக்குகள் அந்தச் சுவர்களைக் குத்தி உடைக்கும். பருப்பு மாவைக் கூட்டினாலும் உப்பல் குறையும். ஆக, குழந்தை விரும்பும் அந்த லேசான மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அரிசி, சோளம், சலித்த கோதுமை மாவு ஆகியவைதான் பெரும்பங்கு இருக்க வேண்டும். கேழ்வரகும் ஓட்ஸும் பருப்பும் சிறு பங்காகவே உள்ளே வரும். விலைக்கணக்கும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மிஷினே ஒரு வரம்பு போட்டுவிடுகிறது என்பதை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள்.

சிறு பங்கு என்றால் குழந்தைக்கு என்ன போய்ச் சேருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் உதாரணத்துக்கு, தயாரிப்பில் கேழ்வரகு 5 சதவீதம் என்று வையுங்கள். ஒரு பரிமாறல் அளவு 30 கிராம். அதில் கேழ்வரகு ஒன்றரை கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம். அப்படியானால் அந்தக் கிண்ணத்தில் கேழ்வரகால் வரும் கால்சியம் ஐந்தரை மில்லிகிராம். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 550. அதே கிண்ணத்தில் ஊற்றும் 100 மில்லி பாலில் சுமார் 120 வந்துவிடும். 50 கிராம் மாவில் தட்டிய ஒரு கேழ்வரகு அடையில் 180 இருக்கும். புரதமும் இப்படித்தான்: 30 கிராம் உருண்டையில் இருப்பது இரண்டு, இரண்டரை கிராம், கூட வரும் பாலில் அதைவிட அதிகம்.

முழு தானியத்தைப் போட்டிருந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நன்றாக அரைத்து, அழுத்தத்தில் வேகவைத்து, உப்ப வைத்த மாவுச்சத்து மிக வேகமாகச் செரிக்கும். இரத்தச் சர்க்கரையும் சீக்கிரம் ஏறும். உடைத்த கோதுமைக் கஞ்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை பத்து மணிக்கே பசிக்கிறது என்று சொன்னால், அது பொய் சொல்லவில்லை.

சர்க்கரையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. கடையில் கிடைக்கும் சாக்லேட் வகைகளில் பலவற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. இனிப்புக்காக மட்டும் இவ்வளவு போடுவதில்லை. மேலே பூசிய பாகு கண்ணாடிபோல் இறுகி, பால் உள்ளே ஊறுவதைத் தாமதப்படுத்துகிறது. பாலில் போட்டு எத்தனை நிமிடம் மொறுமொறுப்பாக இருக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கமான சோதனை. சர்க்கரையைக் குறைத்த மாதிரிகள் அதில் சீக்கிரம் நமத்துப் போகும். நிறம் மங்கும், தானியத்தின் லேசான கசப்பும் வெளியே தெரியும். ஒவ்வொரு முறை சர்க்கரையைக் குறைக்கும் பேச்சு வந்தபோதும் இந்த மூன்றும் குறுக்கே நின்றன. அதற்காக முயற்சியே கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு கிராமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் பிள்ளைகளின் நாக்கும் பழகும் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

இங்கேதான் லேபிளைக் கவனிக்கச் சொல்வேன். நம் நாட்டு விதிப்படி, தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு 2000 கலோரி சாப்பிடும் பெரியவரை வைத்துப் போடப்படுகிறது. அதில் சேர்க்கப்படும் சர்க்கரைக்கு உச்ச அளவு 50 கிராம். 30 கிராம் உருண்டையில் 9 கிராம் சர்க்கரை என்றால் பெட்டியில் 18 சதவீதம் என்று வரும். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் சாப்பிடப் போவது ஐந்து வயதுக் குழந்தை. அதற்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 1360 கலோரி. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த 5 சதவீதம் இந்தக் குழந்தைக்கு 17 கிராம். ஒரு கிண்ணத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. வீட்டில் யாரும் 30 கிராம் எடை போட்டுக் கொடுப்பதும் இல்லை. கிண்ணம் நிறையக் கொட்டினால் 50 கிராம் சுலபமாக வரும். 15 கிராம் சர்க்கரை. பாலில் தனியாக ஒரு ஸ்பூன் போடும் வீடுகளும் உண்டு.

நார்ச்சத்துக் கணக்கும் 100 கிராமுக்குத்தான். 100 கிராமில் 6 கிராம் இருந்தால் "நார்ச்சத்து அதிகம்" என்று போடலாம். 30 கிராம் சாப்பிடும் குழந்தைக்கு அதில் கிடைப்பது இரண்டு கிராம்கூட இல்லை.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். இந்த உணவுகளில் இரும்புச்சத்து சேர்ப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. எங்கள் ஆய்வகத்தில் உருண்டையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, காந்தத்தைச் சுழல விட்டால் அதன்மேல் கறுப்புத் தூள் ஒட்டும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அது சாப்பிடத் தகுந்த, மிக நுண்ணிய இரும்புத் தூள். வயிற்று அமிலத்தில் கரையும். உடலில் ஏறுவது குறைவு என்பதால்தான் மின்பகுப்பு முறையில் செய்த இரும்புத் தூளை, உடலில் எளிதாக ஏறும் இரும்பு உப்பான ஃபெரஸ் சல்ஃபேட்டைப்போல் இரண்டு மடங்கு சேர்க்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பாலின் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கும். கூடவே ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ கொடுத்தால் வைட்டமின் சி உதவிக்கு வரும்.

வீட்டுச் சாப்பாடு என்றாலே சத்து என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வெறும் இட்லியைச் சர்க்கரை தொட்டுக் கொடுத்தால் அதுவும் வேகமாகச் செரிக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். உளுந்து சரியாகப் போட்ட இட்லிக்குச் சாம்பார் சேரும்போதுதான் அது முழுமையான காலை உணவு. சத்துமாவுக் கஞ்சியில் மூன்று ஸ்பூன் வெல்லம் போடும் அம்மாக்களிடமும் இதையே சொல்கிறேன்: வெல்லமும் சேர்க்கும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

போன மாதம் அண்ணி அலைபேசியில் ஒரு பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "இது வாங்கலாமா, சொல்லு" என்று கேட்டார்.

"சேர்மானப் பட்டியலைப் பாருங்க அண்ணி. எது அதிகமோ அது முதல்ல இருக்கும். சர்க்கரை எத்தனாவது?"

"ரெண்டாவது."

"கேழ்வரகு?"

"அடியில... மூணு சதவீதம்னு போட்டிருக்கு."

வாரத்தில் ஒரு நாள், சாயங்காலத் தின்பண்டமாக, எடை போட்டு 30 கிராம் கொடுக்கலாம். தினமும் காலையில் வேண்டாம் என்றேன். இனிப்புப் பூசாத வகை கிடைத்தால், 100 கிராமுக்கு 5 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால், வாழைப்பழம் நறுக்கிப் போட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள அவருடைய சின்ன மகளுக்குச் சர்க்கரை சேர்த்த எதுவுமே வேண்டாம்.

தானியத்தின் படத்தை முன்பக்கம் பெரிதாகப் போடுகிறவர்கள், அந்தத் தானியம் எத்தனை சதவீதம் என்பதையும் அங்கேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் பெட்டியில் சதவீதக் கணக்கைக் குழந்தையின் தேவையை வைத்துத்தான் போட வேண்டும். இப்போது என்னிடம் லேபிள் எழுதித்தரச் சொல்லிக் கேட்கும் குழுக்களின் பாக்கெட்டுகளில் இந்த இரண்டையும் போடச் சொல்கிறேன். அவர்கள் மறுப்பு சொல்வதில்லை. பாக்கெட்டில் இடம் போதவில்லை என்று மட்டும் சிலர் சொல்வார்கள், அப்போது படத்தைச் சின்னதாக்கிவிடுகிறோம்.