ஒரு பவர் சப்ளையும் ஒரு வெடித்த கண்டென்சரும்

மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் என்ற சின்ன உருளை வெடிக்கும் சத்தம் ஊசிப்பட்டாசு அளவுக்குத்தான் இருக்கும். நாற்றம்தான் இரண்டு நாள் அறையை விட்டுப் போகாது. வீட்டில் என்னவென்று கேட்டார்கள். கொசுவர்த்தி என்று சொல்லிச் சமாளித்தேன். யாரும் நம்பவில்லை.

மேசைமேல் வைத்துக்கொள்ள ஒரு பவர் சப்ளை வேண்டும், குமிழைத் திருகினால் ஒன்றேகால் வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் வரை கிடைக்க வேண்டும். இந்த இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருப்பது அதைத்தான். கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது என் கைக்கு எட்டாத விலை. வோல்ட்டை வேண்டிய அளவில் நிறுத்தித் தரும் எல்எம்317 ஐசி ஒன்று 15 ரூபாய். மிச்சத்தைக் கையால் சேர்த்துவிடலாம் என்ற கணக்கு.

பொருள் வாங்க, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முன்பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் மடிக்கணினிக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால்தான், சின்னச் சின்ன பிளாஸ்டிக் இழுப்பறைகளை அடுக்கிவைத்திருக்கும் உதிரிபாகக் கடைகள் வரும். போகும்முன் பட்டியல் எழுதிக்கொள்வது நல்லது, அதுவும் கடைக்காரர் மொழியில். கபாசிட்டர் என்று கேட்டாலும் அவர் கண்டென்சர் என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். குமிழைத் திருகினால் மாறும் மின்தடைக்கு அங்கே பெயர் வால்யூம். ஒரே ஒரு ரெசிஸ்டர் (மாறாத மின்தடை) கேட்டால் முகம் சுளிப்பார்கள். பத்தாகக் கேட்டால் பேச்சில்லாமல் எண்ணித் தருவார்கள். பத்து வாங்கினாலும் ஒரு தேநீர் விலைதான்.

வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரை மட்டும் இரண்டு மூன்று கடையில் கையில் தூக்கிப் பார்த்து வாங்கினேன். 12-0-12, ஒரு ஆம்பியர் என்று எல்லாவற்றிலும் ஒரே சீட்டுதான் ஒட்டியிருந்தது. எடையோ ஒன்றுக்கொன்று எட்டாத தூரம். ஒரு ஆம்பியர் தர வேண்டுமானால் அதற்கேற்ற இரும்பும் செம்பும் உள்ளே இருந்தாக வேண்டும். கனமானதற்கு 180 ரூபாய் கொடுத்தேன். கடைப் பெரியவர் அதைக் காகிதத்தில் சுற்றியபடி, "தம்பி, மூன்று கம்பி இருக்கிறது. நடுக்கம்பியையும் ஓரக்கம்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டால் போதும், சரியா?" என்றார். "தெரியும் அண்ணே" என்றேன்.

தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு ஓரக்கம்பிகளையும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு டையோடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். நடுவிலிருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் 12 என்பதால், 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 24 வந்தது. டையோடுகளைத் தாண்டி ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டமாக மாறும்போது அது உச்ச அளவுக்கு ஏறிவிடும்: 24ஐ 1.41ஆல் பெருக்கி, டையோடுகள் விழுங்கும் 1.4ஐக் கழித்தால் சுமார் 32 வோல்ட். சுமை இல்லாதபோது இன்னும் கூடும். நான் போட்டிருந்த கண்டென்சர் 25 வோல்ட்டுக்கானது. சில நிமிடம் பொறுத்துப் பார்த்தது, பிறகு தலையைப் பிளந்துகொண்டது. எல்எம்317க்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 40 வோல்ட் வித்தியாசம் வரை அது தாங்கும். ஒரு கம்பியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றியதும் எல்லாம் சரியானது. மறுமுறை 50 வோல்ட் கண்டென்சர் கேட்டுப் போனபோது பெரியவர் எதுவும் கேட்கவில்லை. சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்.

கருவிகளில்தான் என் கஞ்சத்தனம் என்னையே கடித்தது. முதலில், ஈயம் உருக்கி ஒட்ட, பெயர் தெரியாத ஒரு சால்டரிங் அயர்னை 120 ரூபாய்க்கு வாங்கினேன். 60 வாட் என்று எழுதியிருந்தது. பத்தே நிமிடத்தில் கைப்பிடி சுட்டது. பிட், அதாவது அதன் முனை, கறுத்துப்போய் ஈயம் ஒட்டாமல் உருண்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரு நாள் ஒட்டியது, மறுநாள் பழையபடி. பாகங்களை ஒட்டும் துளைப் பலகையான டாட் போர்டில் இரண்டு செம்பு வட்டங்கள் சூட்டில் உரிந்து கையோடு வந்த பிறகுதான், 250 ரூபாய் கொடுத்து சால்ட்ரான் 25 வாட் வாங்கினேன். சின்ன வேலைக்கு வாட் அதிகம் தேவையில்லை. சூடு நிலையாக இருந்து, பிட் ஈயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த 60/40 ஈயக் கம்பியிலும் விலை குறைந்ததைத் தேடக் கூடாது என்பதை அதற்குள் கற்றிருந்தேன்.

மல்டிமீட்டர் 220 ரூபாய், மஞ்சள் நிற 830 வகை. வீட்டு மின்சாரத்தை இதைக்கொண்டு அளக்கப் போவதில்லை என்று முதல் நாளே முடிவெடுத்தேன். 10 ஆம்பியர் துளைக்குள் பியூஸே இல்லை. ஐந்து, பத்து வோல்ட்டுக்குப் போதும் என்று நம்பியிருந்தேன். அதிலும் ஒரு வாரம் அலைந்தேன். பவர் சப்ளையின் முகப்பில் வைத்த சின்ன வோல்ட்மீட்டர் 5.0 என்றால் இது 6.1 என்றது. எது பொய் சொல்கிறது? ஐசியை மாற்றினேன், ரெசிஸ்டரை மாற்றினேன், முகப்பு மீட்டரைத் திட்டினேன். கடைசியில் சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கிவைத்திருந்த புதிய பென்சில் பேட்டரியை அளந்தேன். 1.9 வோல்ட் என்று காட்டியது. புத்தம்புதிய அல்கலைன் பேட்டரிக்கும் 1.6 சொச்சத்துக்கு மேல் வராது. மல்டிமீட்டரோடு வந்த 9 வோல்ட் பேட்டரி சோர்ந்துபோயிருந்தது. அது இறங்க இறங்க இந்த வகை மீட்டர் அளவைக் கூட்டிச் சொல்லும். 30 ரூபாயில் புது பேட்டரி போட்டதும் இரண்டு மீட்டரும் சமாதானமாகிவிட்டன. இப்போது எதையாவது சந்தேகப்படும் முன் பென்சில் பேட்டரியைத்தான் முதலில் தொடுகிறேன்.

குமிழிலும் ஒரு தவறு. கையில் கிடைத்த 5 கிலோ ஓம் வால்யூமை 220 ஓம் ரெசிஸ்டரோடு போட்டேன். எல்எம்317இன் கணக்கு எளிது: வால்யூமின் மின்தடையை ரெசிஸ்டரின் மின்தடையால் வகுத்து, ஒன்று கூட்டி, 1.25ஆல் பெருக்க வேண்டும். 5 கிலோவுக்கு அது 29 வோல்ட்டைத் தாண்டுகிறது. உள்ளே வருவதோ 15 சொச்சம். பாதித் தூரம்கூடத் திருகவில்லை, அதற்குள் ஏறுவது நின்றுவிட்டது. 2.2 கிலோ மாற்றினேன். உச்சம் கணக்குப்படி 13.75, குமிழ் முழுவதும் வேலை செய்கிறது.

ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைக் காசு கொடுத்து வாங்கவில்லை, செத்துப்போன கணினி எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி) ஒன்றிலிருந்து கழற்றினேன். (அதைத் திறப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று கை வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.) 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால் ஐசி 5 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ள வேண்டும், ஹீட் சிங்க் இல்லாமல் தொட முடியாது. ஐசியின் உலோக முதுகு வெளியே போகும் முனையோடு இணைந்தது என்பதால் இடையில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு ஒன்று வைத்தேன்.

உதிரிபாகங்களுக்கு 440, கருவிகளுக்கு 875, அதில் அந்தப் பாழாய்ப்போன 120உம் சேர்த்து. இப்போதைக்கு எல்லாம் ஒரு பலகைமேல் திருகி வைத்திருக்கிறேன், 230 வோல்ட் பக்கம் பியூஸும் மூடியும் போட்டு. பழைய பிஸ்கெட் டப்பாவுக்குள் அடைக்கலாம் என்று பார்த்தால், தகரம் என்பதால் எர்த் கம்பி இழுக்க வேண்டும். மூன்று முனை பிளக் இருக்கிறது. கம்பி வாங்கத்தான் மறந்துவிட்டேன்.