நாலாம் மலையில் திரும்பினேன், அப்புறம் ஏழு மலையும் ஏறினேன்

மஸ்கட்டில், ரூவியில் நான் தங்கியிருந்த அறையின் சன்னலைத் திறந்தால் எதிரே மலை. புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை. பதின்மூன்று வருடம் அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தேன், துணி காயப்போட்டேன், வீட்டுக்குப் போன் பேசினேன். ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. வாரம் ஆறு நாள் கிடங்கில் வேலை, வெள்ளிக்கிழமை தூக்கம், சமையல். அவ்வளவுதான் அங்கே வாழ்க்கை.

போன நவம்பரில் மொத்தமாகக் கிளம்பி ஊருக்கு வந்துவிட்டேன். ஊர் கோவைக்கு மேற்கே ஆலாந்துறைப் பக்கம். வீட்டைச் சுற்றிப் பாக்குத் தோப்பு, மேற்கே பார்த்தால் வெள்ளியங்கிரி. வந்த புதிதில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எப்பத் திரும்பிப் போறீங்க?" கடையில், கல்யாண வீட்டில், முடிவெட்டும் இடத்தில். இனிமேல் போகவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். மூன்று மாதத்தில் எனக்கே அந்தப் பதில் வலுவிழந்துபோனது. சொந்த வீட்டில் பெட்டியைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அட்டாலியைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் மூங்கில் தடிகள் கிடைத்தன. கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு. வெள்ளியங்கிரி போகிறவர்கள் அடிவாரத்தில் ஒரு தடி வாங்கி ஊன்றிக்கொண்டு ஏறுவார்கள். இறங்கியதும் பலர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது வழக்கம். அப்பா இருபத்தேழு தடவை ஏறியவர். முழங்கால் தேய்ந்த பிறகு ஒன்பது வருடமாகப் போகவில்லை. அவர் ஏறிய காலத்தில் எனக்குப் பள்ளித் தேர்வு, கல்லூரித் தேர்வு, அப்புறம் விமானம். மலையின் காலடியில் பிறந்து வளர்ந்தும் முதல் மலையைக்கூட நான் தாண்டியது கிடையாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். கோயிலை ஒட்டித்தான் பாதை தொடங்குகிறது. ஏழு மலைகள், ஒரு வழி ஆறு கிலோமீட்டர் அளவில். கேட்கும்போது தூரம் சின்னதாகத் தெரியும். தூரத்தை வைத்து இந்த மலையைக் கணக்குப் போடக்கூடாது, ஏனென்றால் பெரும்பகுதி செங்குத்து. வனத்துறை பொதுவாக பிப்ரவரி முதல் மே வரைதான் விடுகிறார்கள். மலையைச் சுற்றியிருப்பது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகள் நடமாடும் காடு. இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஏறும்போது மயங்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. தயவுசெய்து அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சித்தப்பா மகனோடு போனேன். அவனுக்கு இருபத்தாறு, எனக்கு நாற்பத்தொன்று. இணையத்தில் வாங்கிய புது மலையேற்றச் சப்பாத்து. முதுகுப் பையில் மூன்று லிட்டர் தண்ணீர், ரொட்டி, பழம், மாற்றுத்துணி, போர்வை. எல்லாம் சேர்த்து எட்டு ஒன்பது கிலோ. அடிவாரத்தில் பையைத் திறந்து சோதித்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் காகிதத்தில் மாற்றித் தந்தார்கள். தண்ணீர் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டார்கள். பாட்டிலை மலையில் வீசாமல் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கைக்கு வரும். நல்ல ஏற்பாடு.

ஏற ஆரம்பித்தபோது மணி காலை எட்டரை. தவறு அங்கேயே தொடங்கியது. முதல் மலை முழுக்கக் கல் படிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். சில படிகளுக்கு முழங்காலை இடுப்பு வரை தூக்க வேண்டும். ஏழில் இதுதான் கடினம் என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான். இளவட்டங்கள் ஓடுவதைப் பார்த்து நானும் அந்த வேகத்திலேயே போனேன். வெள்ளை விநாயகர் கோயில் வரும்போது சட்டை நனைந்து பிழியும்படி இருந்தது. இரண்டாம் மலையில் பாம்பாட்டிச் சுனை, அப்புறம் வழுக்குப் பாறை, மூன்றாம் மலையில் கைதட்டிச் சுனை. எதையும் நின்று பார்க்கவில்லை. மூச்சு வாங்குவதற்குத்தான் நின்றேன். நாலாம் மலையில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே நேரத்தில் குரக்களி பிடித்தது. உட்கார்ந்தவன் எழ முடியவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். வெறுங்கால், தோளில் ஒரு துண்டு, கையில் தடி, வேறு ஒன்றும் இல்லை. மடியிலிருந்து எலுமிச்சையும் உப்பும் எடுத்துக் கொடுத்தார். என் தம்பி, "இன்னும் மூணு மலைதாங்க, மெல்லப் போயிரலாம்" என்றான். அவர் என் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எறங்கிப்போடுங்க சாமி. ஏறறதுக்கு மூச்சு போதும். எறங்கறதுக்குக் கால் வேணும். உங்களுக்கு இப்ப அது இல்ல."

இறங்கினேன். ஏறியதைவிட அதிக நேரம் ஆனது. கடைசியாக வரும் முதல் மலையின் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் அப்பா தடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "எதுவரைக்கும் கண்ணு?" "நாலுப்பா." அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் வைக்கச் சொன்னார்.

அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் அடுத்த இரண்டு மாதமும் பாடமாக வைத்துக்கொண்டேன். முதலில் மருத்துவரிடம் போனேன். ஈசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது, மற்றவை சரி. உடம்பைப் பழக்கினால் ஏறலாம் என்றார். நாற்பது தாண்டி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மலையைப் பற்றி நினைக்கும் முன் இந்த ஒரு காரியத்தைச் செய்துவிடுங்கள். ஒரு காலை நேரம்தான் செலவு.

பயிற்சிக்கு மருதமலை. 837 படிகள். வாரம் மூன்று நாள், காலை ஐந்தரைக்கு வடவள்ளி வழியாக வண்டியில் போய்விடுவேன். மேலே வரை பஸ் போவதால் பலர் படியில் ஏறி, பஸ்ஸில் இறங்குவார்கள். நான் இறங்குவதைத்தான் முக்கியமாக வைத்துக்கொண்டேன். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். பழகாத தசை அதில்தான் அடிபடும். இரண்டு நாள் கழித்து வரும் வலியும் நடுக்கமும் அதனால்தான். முதல் வாரம் ஒரு தடவை ஏறி இறங்கியதற்கே கால் நடுங்கியது. நாலாம் வாரம் இரண்டு தடவை. ஏழாம் வாரம், முதுகில் நாலு கிலோ வைத்துக்கொண்டு மூன்று தடவை. குதிக்காமல், முழங்காலைப் பூட்டாமல், ஒவ்வொரு படியிலும் பாதத்தை முழுதாக வைத்து இறங்கப் பழகினேன். வேகத்துக்கு ஒரு அளவு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அதிகாலைகள் எனக்குப் பெரிய துணையாக இருந்தன. படியில் தினமும் பார்க்கும் முகங்கள் பழகின. பூக்கட்டும் அம்மா, ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர், வடவள்ளியிலிருந்து வரும் இரண்டு கல்லூரிப் பெண்கள். "இன்னைக்கு எத்தனையாவதுங்க?" என்று கேட்பார்கள். எப்போது திரும்பிப் போகிறாய் என்று அந்தப் படிகளில் யாரும் கேட்டதில்லை.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை இரவு மறுபடி போனோம். சிவராத்திரி, சித்திரா பௌர்ணமி, வார இறுதி மூன்றையும் தவிர்த்தோம். கூட்டத்தில் மாட்டினால் நம் வேகத்தில் நடக்க முடியாது. கோடையில் வெயிலுக்குத் தப்ப இரவுதான் நல்லது. பையைப் பாதியாகக் குறைத்தேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர், பேரீச்சை, கடலை மிட்டாய், உப்பு, எலுமிச்சை, ஒரு சால்வை. ஒரு கையில் தடி இருக்கும் என்பதால் டார்ச்சைத் தலையில் மாட்டிக்கொண்டேன். பழகிய பழைய கேன்வாஸ் சப்பாத்து. வெறுங்காலில் ஏறுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் துணியவில்லை.

ஒன்பதரைக்கு முதல் படி. தம்பியை முன்னால் போகவிடவில்லை, என் வேகத்துக்கு அவனை நடக்க வைத்தேன். இருட்டில் ஒரு நன்மை உண்டு. டார்ச் வெளிச்சத்தில் அடுத்த நாலு படிதான் தெரியும், மேலே எவ்வளவு பாக்கி என்று கண்ணுக்குத் தெரியாது. மேலேயும் கீழேயும் ஆட்களின் விளக்குகள் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன. இறங்கி வருகிறவர்கள் ஒதுங்கி நின்று "மெல்ல வாங்க சாமி" என்பார்கள். மலையில் எல்லாருக்கும் எல்லாரும் சாமிதான். வெள்ளை விநாயகர் கோயில் வரும்போது மணி பதினொன்றேகால். சட்டை இந்த முறை பாதிதான் நனைந்திருந்தது. கடையில் ஒரு சுக்குக்காப்பி குடித்தோம்.

கைதட்டிச் சுனையில் இந்த முறை நின்று தண்ணீர் குடித்தேன். நாலாம் மலையில், போன தடவை உட்கார்ந்த இடத்தைத் தேடினேன். இருட்டில் அடையாளம் தெரியவில்லை. அப்படியே தாண்டிவிட்டேன் என்பது ஐந்தாம் மலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அங்கே மரங்கள் விலகிப் புல்வெளி. காற்று பிய்த்தது. ஏப்ரலில் அப்படி ஒரு குளிரை நான் எதிர்பார்க்கவில்லை. வியர்த்த உடம்பில் அந்தக் காற்று பட்டால் பல் கிட்டும். சால்வை இல்லாவிட்டால் அங்கேயே முடங்கியிருப்பேன். கிழக்கே திரும்பிப் பார்த்தால் கோவை முழுக்க விளக்கு. நொய்யல் பிறக்கும் மலை இது. கீழே எங்கோ இருட்டில் அந்த ஆறு ஊர்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, அதில் எங்கள் ஊரும் ஒன்று.

ஆறாம் மலையில் கொஞ்சம் இறக்கம், அதன் அடியில் ஆண்டிச் சுனை. சிலர் அந்தக் குளிரிலும் குளித்துவிட்டுத்தான் ஏழாம் மலை ஏறுகிறார்கள். நான் கை, கால், முகம் கழுவினேன். விரல் மரத்துப்போனது. ஏழாம் மலை நேரே நிமிர்ந்து நிற்கிறது. தடி ஒரு கை, பாறை ஒரு கை. இருபது அடி வைப்பேன், நின்று மூச்சை எண்ணுவேன், மறுபடி இருபது.

ஐந்தரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். பெரிய பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்க, அதன் உள்ளே சுயம்பு லிங்கம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். கற்பூர வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் இருக்கும். பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வெளியே வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. மேற்குப் பக்கம் மடிப்பு மடிப்பாகக் காடு, அதன் நடுவில் சிறுவாணி அணையின் தண்ணீர் தகடு போலத் தெரிந்தது. கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தத் தண்ணீரை இவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. தம்பி படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் பாறையில் சாய்ந்து அழுதேன். மஸ்கட்டிலிருந்து அப்பாவின் முழங்கால் அறுவை பற்றிப் போனில் பேசிய இரவுகள் எல்லாம் ஏனோ அப்போது வந்தன.

ஆறரைக்கு இறங்கத் தொடங்கினோம். திரும்பும் வழியில் ஆண்டிச் சுனையில் பாட்டிலைக் காலி செய்து, நிறையப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறுவதற்குள் முதல் மலைக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு. மருதமலைப் படிகள் அத்தனைக்கும் பலன் அங்கே தெரிந்தது. தொடை எரிந்ததே தவிர நடுங்கவில்லை. பதினொன்றரைக்கு அடிவாரம். பாட்டிலைக் காட்டி, கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா திண்ணையில் இருந்தார். தடியை அவர் கையில் கொடுத்தேன். அடிப்பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தார். பாட்டிலை நீட்டினேன். எங்கே பிடித்தது என்று சொல்லவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தார், மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"ஆண்டிச் சுனையா?"

"ஆமாப்பா."

"தண்ணி கொறச்சலா இருந்திருக்குமே."

"ஆமா. மெல்லத்தான் வந்துச்சு."

இன்னொரு வாய் குடித்துவிட்டு மூடியைத் திருகினார். "அடுத்த வருசம் பிப்ரவரியிலயே போயிரு கண்ணு. அப்பத்தான் நெறையா இருக்கும்."