எங்கே என்பது சுலபம், எப்போது என்பதில்தான் பாடு

ராணுவ உளவு என்றதும் ஒட்டுக்கேட்பும் ஒற்றர்களும்தான் பலருக்கு நினைவில் வரும். திட்டமிடுபவர் மேசைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதியோ யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது: உள்ளூர்ப் பத்திரிகை, டெண்டர் அறிவிப்பு, சாட்டிலைட் படம், டெலிகிராம் வீடியோ, வான்வெளியை மூடும் நோட்டாம் எனும் விமானிகளுக்கான அறிவிப்பு. ஏவுகணைச் சோதனைக்கு வங்கக்கடலில் நோட்டாம் போட்டால் ஆள்கூறுகளும் அதிலேயே இருக்கும். அந்தப் பரப்பின் நீளத்தை அளந்து வீச்சை ஊகிக்கலாம். ஊகம்தான், நீட்டிப் போடவும் வழி உண்டு.

இப்படித் திறந்த மூலங்களிலிருந்து உளவு திரட்டும் ஓசின்ட் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இடத்தைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், மலையின் விளிம்பு என மூன்று அடையாளம் கிடைத்தால் கூகுள் எர்த்தில் இடம் பிடிபட்டுவிடும். ஆனால் படைக்குத் தேவை, அந்த லாரிகள் இப்போதும் அங்கே நிற்கின்றனவா என்பது. நேரம் தெரியாத படம் திட்டத்துக்கு உதவாது.

நேரத்துக்கு முதல் சாட்சி நிழல். 8 மீட்டர் கம்பத்துக்கு 8 மீட்டர் நிழல் என்றால் சூரியன் 45 டிகிரியில். அந்த உயரம் காலையிலும் வரும், மாலையிலும் வரும். எது என்பதை நிழல் விழும் திசை சொல்லும். தரை சரிவாக இருந்தாலோ, போனின் வைடு லென்ஸ் ஓரத்தை இழுத்திருந்தாலோ கணக்கு கெடும். மேல்நாட்டுப் பயிற்சிக் குறிப்புகளைப் படித்துவிட்டு ‘உச்சியில் நிழல் வடக்கே விழும்’ என்று எழுதுபவர்கள் கோயமுத்தூரில் ஒரு வெயில் காலம் நின்று பார்க்கட்டும். இங்கே ஏப்ரல் 18 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை உச்சி நிழல் தெற்கே விழும்.

மாதத்தைப் பிடிக்க வேறு தடயம் வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கம் பயிற்சி செய்பவருக்குக் காற்றாலையே போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இறக்கைகள் மேற்கே பார்த்து நிற்கும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்குப் பக்கம் திரும்பிவிடும். வெளிநாட்டுப் போர்முனைப் படத்திலும் தேடுவது இதே மாதிரிதான்: பயிரின் உயரம், பனி, ஆற்று நீர்மட்டம்.

இலவச சாட்டிலைட்டுகளுக்கும் அளவு உண்டு. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். புதிய முகாம் தெரியும், ஒற்றை ஜீப் தெரியாது. அது கடப்பது முற்பகலில், ஆகவே இரவில் நடந்ததைக் காட்டாது. மேகம் இருந்தால் சென்டினல்-1 ரேடார்தான். நாசாவின் தீக்கண்காணிப்பு வரைபடத்தில் 375 மீட்டர் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தால் குண்டு என்று குதிக்கக் கூடாது. கரும்புத் தோகை எரித்தாலும் புள்ளி விழும்ங்க.

ஒன்றோடொன்று சேரும்போதுதான் இவற்றுக்கு மதிப்பு. 2022 பிப்ரவரி 24 அதிகாலை 3.15 மணிக்கு ரஷ்யாவின் பெல்கரோத் அருகே கூகுள் மேப்பில் நெரிசல் காட்டியது. அமெரிக்காவின் மிடில்பரி கழகத்தில் ஜெஃப்ரி லூயிஸ் குழு அதைப் படை நகர்வு என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கே கவச வண்டிகள் அணிவகுத்து நிற்பதை ரேடார் படத்தில் ஏற்கெனவே பார்த்திருந்ததுதான். நெரிசலாகத் தெரிந்தது சிப்பாய்களின் போனாக இருக்க வேண்டியதில்லை. வழிமறிக்கப்பட்ட பொதுமக்களின் போனாக இருக்கலாம் என்பதே அவர்களின் கணிப்பு. மேப்பை மட்டும் பார்த்திருந்தால் விபத்து என்று விட்டிருப்பார்கள்.

கோப்பு எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரம், இடம் போன்ற மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தங்கும். 2021 டிசம்பர் 8-ல் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தபோது, அது பனிமூட்டத்துக்குள் மறையும் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. விசாரணைக்காரர்கள் அதை எடுத்த போனையே வாங்கித் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதுதான் முறை. ஒரே வீடியோவை ஐந்து பேர் போட்டால் ஐந்து சாட்சி ஆகாது. டெலிகிராம் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் மணி, பார்ப்பவர் ஊர் மணி. கீவில் ஒருவரும் ஈரோட்டில் ஒருவரும் எடுத்ததை அப்படியே அருகருகே வைத்து முன்பின் சொன்னால் கீவின் கோடையில் இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரமும் தவறும்.

நம் பக்கக் கசிவும் இதே கணக்குதான். 2008 மும்பைத் தாக்குதலில் கமாண்டோ நடவடிக்கையை டிவி நேரலையில் பார்த்தே எல்லைக்கு அப்பாலிருந்து ஏவிவிட்டவர்கள் வழிகாட்டினார்கள். 2018-ல் ஸ்ட்ராவா எனும் உடற்பயிற்சிச் செயலியின் ஓட்ட வரைபடம் ஆப்கானிஸ்தான் முகாம்களின் உட்பாதைகளை வெளிச்சம் போட்டது. சூலூரில் விமானம் இறங்குவதை ரீல்ஸ் போடும் தம்பிகளுக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஒரு ரீலில் பெரிதாக ஒன்றும் தெரியவும் தெரியாது. ஒரு மாதத்து ரீல்களை வரிசையாக அடுக்கினால் பறக்கும் நேரத்துக்கு ஓர் அட்டவணை தேறும்.

அறிக்கை எழுதும்போது மூலத்துக்கு ஏ முதல் எஃப் வரை, செய்திக்கு 1 முதல் 6 வரை என இரண்டு மதிப்பெண்ணையும் தனித்தனியே போட வேண்டும். நம்பகமான ஆளும் தவறாகப் பார்க்கலாம் அல்லவா. எஃப்6 மோசமான மதிப்பெண் அல்ல. மதிப்பிட முடியவில்லை என்றே அதற்குப் பொருள். நேரத்தை ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல் ‘14.10 முதல் 14.50 வரை’ என்று எழுதி, எதை வைத்து அந்த வரம்பு என்றும் குறிக்க வேண்டும். கூடவே அந்தத் தகவல் எத்தனை மணி வரை செல்லும் என்பதையும். பாலத்துக்கு இரண்டு நாள் செல்லும். நகரும் பீரங்கிக்கு அரை மணி கூடச் செல்லாது. அதற்கு அடுத்த வரியில் ட்ரோன் கேட்டுக் குறிப்பு வைத்துவிட வேண்டியதுதான்.